ஓசூரில் ஃபுட் கோர்ட் போடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசுகிறவர்களோடு சிப்காட் வேலைக்கு வந்த ஒடிசா, பீகார்க்காரர்களும் சாப்பாடு தேடும் ஊர் ஓசூர். ஒரே கூரையில் ஆறேழு கடை என்பது இங்கே எடுபடும். ஆனால் போர்டுக்கும் லைட்டுக்கும் கொட்டிய பிறகு மிஞ்சுகிற காசில்தான் பொதுப் புகைபோக்கியும் சாக்கடையும் போடுகிறார்கள்.

புகையை வெளியே இழுக்க பெரிய எக்ஸாஸ்ட் மாட்டுவார்கள். உள்ளே புதுக்காற்று வர வழி வைக்க மாட்டார்கள். வாசல் கதவைத் திறக்கக் கை வலிக்கிறதா, அடுப்புச் சுடர் ஒருபக்கமாகச் சாய்கிறதா? காற்றுப் பற்றாக்குறைதான். மோட்டாரைப் பெரிதாக்கினால் இன்னும் மோசமாகும். புதுக்காற்றுக்குத் தனி ஃபேன் போடுங்கள்.

அடுத்தது கிரீஸ் டிராப், அதாவது கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போகும் முன் கொழுப்பைப் பிடித்து வைக்கும் தொட்டி. தட்டு கழுவும் சுடுதண்ணீரில் ஆட்டுக் கொழுப்பு உருகி டிராப்பைத் தாண்டிவிடும்; மார்கழிக் குளிரில் குழாய்க்குள் போய் உறையும். பிரியாணிக் கடை அண்டா கழுவிய தண்ணீர், தோசைக் கடைத் தரையில் பொங்குவது இப்படித்தான். கழிவும் கொழுப்பும் சேர்ந்து தொட்டி ஆழத்தில் கால்வாசி ஆனதுமே அள்ளுங்கள். தேதி பார்த்து அள்ளுவதில் பயனில்லை. குச்சி விட்டுப் பாருங்கள்.

மெனுவில் நடக்கும் தப்பு வேறு மாதிரி. 'நார்த் இந்தியன்' என்று எழுதி பனீர் பட்டர் மசாலா போட்டால் ஒடிசாத் தொழிலாளி தினமும் வர மாட்டார். சோறு, பருப்பு, கடுகெண்ணெயில் வதக்கிய காய் இருந்தால் வருவார். ராகி களியைக் காலையிலேயே மொத்தமாகக் கிண்டி வைப்பதும் வேண்டாம். ஆறினால் மேலே தோல் கட்டும், உள்ளே இறுகும். திரும்பச் சூடாக்கினாலும் அந்தப் பதம் வராது. பத்துப் பதினைந்து உருண்டைக்கு ஒரு ஈடு போதும்.

சைவம், அசைவம் இரண்டுக்கும் ஒரே தட்டு, ஒரே கழுவும் தொட்டி என்றால் சைவக் கடைக்காரர்தான் முதலில் காலி செய்வார். தட்டின் நிறத்தை மாற்றி, தொட்டியையும் பிரித்துவிடுங்கள்.

14.2 கிலோ வீட்டு சிலிண்டரைக் கடையில் வைப்பது சட்டவிரோதம். 19 கிலோ போன்ற வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். அதனால் கசிவு காட்டும் கருவியைக் கூரையில் மாட்டிப் பயனில்லை. தரையை ஒட்டி இருக்கட்டும். சிலிண்டர் பக்கத்தில் சாக்கடைத் திறப்பும் கூடாது.

ஹால் உரிமையாளர் பெயரில் உள்ள உணவுப் பாதுகாப்பு உரிமம் எல்லாக் கடைக்கும் செல்லாது. தனித்தனி ஆள் நடத்தும் கடை என்றால் அவரவர் பெயரில் எடுத்து, கண்ணில் படும்படி மாட்ட வேண்டும்.