மஸ்டாங் 5.0: ஹெடரும் கிளட்சும் ஒரே தடவையில் மாற்றுவது எப்படி

1987 முதல் 1993 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் 5.0 உங்களிடம் இருந்தால், கிளட்ச் வேலை என்றைக்காவது வந்தே தீரும். ஐந்தாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் மட்டும் இரையும், வண்டி வேகம் எடுக்காது. அதுதான் அறிகுறி. ஹெடரை, அதாவது எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதியை, மாற்றும் ஆசையும் உங்களுக்கு இருந்தால் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். காரணம் எளிது. கியர் பாக்ஸை இறக்க எச்-பைப்பை, அதாவது இரண்டு பக்க ஹெடர்களுக்கும் பின்னால் எச் வடிவில் இணையும் புகைக்குழாயை, கழற்றியாக வேண்டும். ஹெடரை மாற்றவும் அதே பைப்பைத்தான் கழற்ற வேண்டும். கியர் பாக்ஸ் வெளியே இருக்கும்போது ஹெடருக்குக் கை நுழைகிற இடமும் கூடும். முதல் தடவை செய்பவர் ஒரு முழு வார இறுதியை ஒதுக்குங்கள், கூட ஒரு ஆள் இருக்கட்டும்.

ஹெடரால் என்ன லாபம்?

இந்த 302 கன அங்குல வி8 எஞ்சின் 1987-இல் 225 குதிரைத்திறன் என்ற கணக்கோடு வந்தது. கம்பெனி ஹெடரே குழாய் வடிவம்தான். ஆனால் வளைவுகள் இறுக்கமாக இருக்கும், சில இடங்களில் குழாய் நசுக்கப்பட்டிருக்கும். சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-3-7-2-6-5-4-8. வலப்பக்கம் 1 முதல் 4 வரை, இடப்பக்கம் 5 முதல் 8 வரை. வரிசையை ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள். 6-உம் 5-உம் அடுத்தடுத்து வெடிக்கின்றன, இரண்டும் ஒரே பக்கம். ஒன்றின் புகை வெளியேறி முடிவதற்குள் அடுத்ததன் புகை வந்து முட்டுகிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் போதுமான நீளத்தில் தனிக் குழாய் கொடுத்து, பிறகு ஒன்றுசேர்த்தால் இந்த முட்டல் குறையும். ஹெடரின் பயன் அதுதான்.

குட்டை ஹெடர், நீண்ட ஹெடர் என்று இரண்டு வகை உண்டு. நீண்டது அதிக பலன் தரும், ஆனால் அதற்கேற்ற நடுப்பைப்பும் வாங்க வேண்டும், பொருத்துவதும் கடினம். முதல் தடவை செய்பவருக்கு நான் சொல்வது 1⅝ அங்குலக் குழாய் கொண்ட குட்டை ஹெடர். பழைய எச்-பைப்பிலேயே பொருந்திவிடும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் இருந்த இடத்தில் இருக்கும். அமெரிக்கச் சட்டப்படி சாலையில் ஓடும் வண்டியிலிருந்து கன்வெர்ட்டரை எடுத்துவிடக் கூடாது. கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள், மாநிலக் காற்று வள வாரியத்தின் அனுமதி எண் உள்ள ஹெடரா என்று பார்த்து வாங்குங்கள்.

ஃப்ளைவீல் வாங்கும்போது மிக மிகக் கவனம்

கிளட்ச் செட் 10.5 அங்குலம், நடுவில் 10 ஸ்பிளைன் (கியர் பாக்ஸ் தண்டு நுழையும் பள்ளங்கள்). இது எளிதில் கிடைக்கும். சிக்கல் ஃப்ளைவீலில்தான், அதாவது எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கின் பின்முனையில் மாட்டி கிளட்சைத் தாங்கும் கனமான சக்கரத்தில்தான். இந்த எஞ்சினின் சமநிலையில் ஒரு பகுதி ஃப்ளைவீலிலும், கிராங்கின் முன்முனையில் அதிர்வைக் குறைக்கும் டாம்பரிலும் வெளி எடையாக வைக்கப்பட்டிருக்கிறது. நம் வண்டிக்கு 50 அவுன்ஸ் சமநிலை என்று குறிக்கப்பட்டது வேண்டும்; அது சக்கரத்தின் மொத்த எடை அல்ல. 1960, 70-களின் 302-க்கு 28 அவுன்ஸ். இரண்டுமே அதே ஆறு போல்ட்டில் அழகாக உட்காரும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தவறானதைப் போட்டால் எஞ்சின் நடுங்கும், நாளடைவில் பேரிங்குகள் போகும். பெட்டியில் 157 பல், 50 அவுன்ஸ் என்று இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பழைய ஃப்ளைவீலில் வெடிப்பு இல்லையென்றால் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சீவி வாங்கினாலும் போதும்.

பிரிப்பது

முந்தின இரவே ஹெடர் போல்ட்டுகள், எச்-பைப் நட்டுகள் எல்லாவற்றிலும் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். காலையில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். வண்டியை நான்கு ஸ்டாண்டின் மேல், சமமான சிமென்ட் தரையில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டில் ஏற்றியபின் வண்டியைக் கையால் நன்றாக உலுக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் உள்ளே போங்கள்.

ஆக்ஸிஜன் சென்சார் கனெக்டர்களைப் பிரித்துவிட்டு எச்-பைப்பை இறக்குங்கள். வண்டிக்குள் வந்து கியர் லீவரைக் கழற்றுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள், திரும்ப அதே கோணத்தில் மாட்ட வேண்டும். அங்கே இருக்கும் நான்கு போல்ட்டும் 12 மி.மீ., 12 முனைத் தலை கொண்டவை. ஆறு முனை சாக்கெட்டை வைத்து உருட்டிவிடாதீர்கள். ஷாஃப்ட்டை உருவியதும் கியர் பாக்ஸின் வாலிலிருந்து எண்ணெய் கொட்டும், தட்டு வையுங்கள்.

ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் வயர் இரண்டையும் எடுங்கள். எஞ்சினின் பின்பக்கத்துக்குக் கீழே ஒரு முட்டு கொடுங்கள். கியர் பாக்ஸுக்கு அடியில் டிரான்ஸ்மிஷன் ஜாக்கை வைத்துக் குறுக்குச் சட்டத்தைக் கழற்றுங்கள். கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கோடு பிடித்திருக்கும் நான்கு போல்ட்டையும் எடுத்தபின் நேராகப் பின்னால் இழுங்கள். டி-5 கியர் பாக்ஸ் சுமார் 34 கிலோ. நெஞ்சில் வைத்து இறக்குகிறவர்கள் உண்டு, நீங்கள் செய்யாதீர்கள். அடுத்து ஸ்டார்ட்டர், கிளட்சை விடுவிக்கும் நெம்புகோலான ஃபோர்க்கிலிருந்து கிளட்ச் கேபிள், கடைசியாகப் பெல் ஹவுசிங்.

கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றிலும் ஒரு சுற்று என்று மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். பழைய கிளட்ச் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முகமூடி போட்டு, பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். ஃப்ளைவீலையும் எடுத்ததும் கிராங்கின் பின் சீலை விரலால் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். கிராங்கின் நடுவில் கியர் பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங்கைக் கட்டாயம் மாற்ற வேண்டும். அதை உருவும் கருவியை அமெரிக்க உதிரிபாகக் கடைகள் பலவற்றில் முன்பணம் கட்டி இரவல் வாங்கலாம்.

ஹெடர்

இப்போது மேலே வாருங்கள். பிளக் வயர்களில் எண் எழுதிய டேப் ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஹெடர் இடித்துப் பீங்கான் உடையும். ஒரு பக்கத்துக்கு எட்டு போல்ட். முரண்டு பிடிக்கும் போல்ட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் பொறுங்கள். தலை உடைந்து மரைக்குள் தங்கிவிட்டால் அந்த வார இறுதியே போய்விடும்.

சிலிண்டர் ஹெட்டின் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டை முழுக்கச் சுரண்டுங்கள். புது ஹெடரின் ஃபிளேஞ்சில் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ்கெட் வைத்து எட்டு போல்ட்டையும் வெறும் கையால் திருகுங்கள். எட்டும் மரை பிடித்தபின்தான் ஸ்பானரைத் தொட வேண்டும். ஒன்றை முதலில் இறுக்கிவிட்டால் மற்ற ஓட்டைகள் நேராக வராது. நடுவிலிருந்து வெளியே நோக்கி, இரண்டு மூன்று சுற்றில் 18 முதல் 24 பவுண்டு-அடி வரை இறுக்குங்கள்.

கிளட்சை ஏற்றுவது

கிராங்கின் முகத்தைத் துடைத்து ஃப்ளைவீலை வையுங்கள். ஓட்டைகள் ஒரே ஒரு நிலையில்தான் பொருந்தும். போல்ட் மரையில் சீலன்ட் தடவி, எதிரெதிராக 75 முதல் 85 பவுண்டு-அடி. முகத்தைப் பிரேக் கிளீனரால் துடைத்தபின் விரல் படக்கூடாது. கிளட்ச் பிளேட்டில் ஃப்ளைவீல் பக்கம் என்று எழுதியிருக்கும். எழுத்து இல்லையென்றால் ஸ்பிரிங் புடைத்திருக்கும் பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். செட்டோடு வரும் பிளாஸ்டிக் நடுக்குச்சியை பிளேட் வழியாகப் பைலட் பேரிங்கில் செருகி, பிரஷர் பிளேட்டைச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். முடிந்தபின் குச்சி தடையில்லாமல் வழுக்கி வெளியே வர வேண்டும். இழுத்துப் பிடித்தால் பிளேட் நடுவில் இல்லை என்று அர்த்தம். தளர்த்தி மறுபடி செய்யுங்கள்.

பெல் ஹவுசிங், ஃபோர்க், புது ரிலீஸ் பேரிங் ஆனதும் கியர் பாக்ஸ். இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். முக்கால்வாசி சுலபமாகப் போகும், கடைசி அரை அங்குலத்தில் நின்றுவிடும். போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம் என்று தோன்றும். கூடாது, கியர் பாக்ஸின் காது உடையும். அதன் எடை பிளேட்டின் மேல் தொங்கவும் விடாதீர்கள். நான் முதல் தடவை செய்தபோது முக்கால் மணி நேரம் நின்றது. கியரில் போட்டு, வாலில் யோக்கை (புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முன்முனைத் துண்டு) மாட்டி மெல்லத் திருப்பினேன். ஸ்பிளைன் பிடித்தது கையில் தெரிந்தது. நண்பர் ஜாக்கை ஒரு கால் அங்குலம் தாழ்த்தினார். மேலும் கீழும் இடைவெளி ஒரே அளவானது. ‘டொக்’ என்று ஒரு சத்தம், முகத்தோடு முகம் சேர்ந்துவிட்டது. போல்ட்டின் வேலை அதற்கு அப்புறம்தான்.

கிளட்ச் கேபிளைப் பொருத்தும்போது அது ஹெடரைத் தொடாமல் போகிறதா என்று பாருங்கள். அதுவும் ஃபோர்க்கும் இடப்பக்க ஹெடருக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. தொட்டால் உறை உருகி பெடல் கல்லாகிவிடும். பெடலுக்கு மேலே கேபிளை இழுக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் கடினமான புதுக் கிளட்சைத் தாங்காமல் நழுவும். அலுமினியத்தில் ஒன்றும், கேபிளைச் சரிசெய்யும் திருகும் சேர்த்தே வாங்கிப் போடுங்கள்.

டி-5-இல் சுமார் 2.6 லிட்டர் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில் ஊற்றுங்கள். கெட்டியான கியர் ஆயில் இதற்கு ஆகாது, கியர் மாறும்போது வேகத்தைச் சமமாக்கும் சின்க்ரோ வளையங்கள் அதை ஒத்துக்கொள்ளாது.

முதல் ஸ்டார்ட்

கராஜ் கதவைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஹெடர் கொஞ்ச நேரம் புகையும், ஒட்டியிருக்கும் எண்ணெய் எரிவதுதான். பிளக் வயர் எதுவும் குழாயைத் தொடவில்லையே என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எஞ்சின் முழுக்க ஆறியபின் ஹெடர் போல்ட்டுகளை மறுபடி அதே அளவுக்கு இறுக்குங்கள், ஒன்றிரண்டு நிச்சயம் தளர்ந்திருக்கும். முதல் 500 மைல் நின்று நின்று போகும் நகர ஓட்டமாக இருக்கட்டும், டயர் தேய்க்கும் வேலை வேண்டாம். அதற்குள் குளிர்ந்த ஸ்டார்ட்டில் ‘டிக் டிக்’ என்று கேட்டு, சூடானதும் நின்றுபோனால் கேஸ்கெட் ஒரு இடத்தில் கசிகிறது. கருப்புப் புகைக்கோடு எந்தப் போர்ட்டின் (ஹெட்டில் புகை வெளிவரும் துளை) ஓரத்தில் தெரிகிறதோ, அங்கிருந்து தொடங்குங்கள்.