குளிர்காலம் இல்லாத ஊரில் குட்டை ரோஜா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனப் புத்தாண்டு நெருங்கும்போது ஈரச்சந்தைகளிலும் பேரங்காடிகளிலும் உள்ளங்கை அகலத் தொட்டிகளில் மொட்டும் மலருமாக வந்து நிற்கும் குட்டை ரோஜாச் செடிகளுள் பெரும்பாலானவை, பங்குனி முடிவதற்குள் குப்பைக்குப் போய்விடுகின்றன. வாங்கியவர்கள் தமக்கு ரோஜா ராசியில்லை என்று சொல்லிக்கொள்வார்கள். நானும் மூன்று ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ரோஜா வளர்ப்பைப் பற்றி நாம் படிப்பவையும் காணொளிகளில் பார்ப்பவையும் ஊட்டியையோ பெங்களூரையோ இங்கிலாந்தையோ மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை என்பதும், நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1.3 பாகை வடக்கே, ஆண்டு முழுவதும் வெக்கையும் ஈரமுமாக இருக்கும் சிங்கப்பூருக்கு அவை அப்படியே பொருந்தா என்பதும் பிறகுதான் புரிந்தது.

முதல் தவறு வெளிச்சத்தில் நேர்கிறது. ரோஜா நன்றாகப் பூக்க நாளொன்றுக்கு 6 மணி நேர நேர்வெயில் வேண்டும். குட்டை வகைகள் 4 மணி நேரத்திலும் பிழைத்துக்கொள்ளும், ஆனால் பூ குறையும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரம் பகலெல்லாம் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து வெயில் போதும் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். கண்ணுக்குப் போதுமான வெளிச்சம் செடிக்குப் போதாது. அதோடு, இவ்வூரில் சூரியன் மார்ச் கடைசி வாரம் முதல் செப்டம்பர் நடுப்பகுதிக்குப் பின்பு வரை நண்பகலில் வடக்குப் பக்கமாகவும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கமாகவும் சாய்ந்திருப்பதால், வடக்கு நோக்கிய தாழ்வாரத்தில் ஜூன் மாதம் செழித்த செடி டிசம்பரில் காரணமே தெரியாமல் நலிந்துபோகும். காரணம் உரத்திலோ தண்ணீரிலோ இல்லை. வெயில் தெற்குப் பக்கத்து வீடுகளுக்குப் போய்விட்டது. கிழக்கு, மேற்கு நோக்கிய வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒரு விடுமுறை நாளில் மணிக்கு ஒரு முறை தொட்டி வைக்கப்போகும் இடத்தைக் கைப்பேசியில் படமெடுத்துப் பார்த்துவிட்டுச் செடி வாங்குவது, வாங்கியபின் இடம் தேடுவதைவிட எவ்வளவோ மேல். தாழ்வாரத்தில் ஆட்கள் வெளியேற 1.2 மீட்டர் அகல வழி எப்போதும் இருக்கவேண்டும் என்ற குடிமைத் தற்காப்புப் படையின் விதியையும் அப்போதே கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது தொட்டி. கடையில் ஒரே செடியாகத் தோன்றுவது பெரும்பாலும் ஒரு செடி அன்று. நான் சென்ற ஆண்டு வாங்கிய தொட்டியைக் கவிழ்த்தபோது, நான்கு தனித்தனிக் குச்சிகள், ஒவ்வொன்றும் தன் வேர்ப்பந்தோடு, நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பூத்துக் குலுங்கும் தோற்றம் வருவதற்காகச் செய்யப்படும் ஏற்பாடு அது. அந்த வேர்களைச் சுற்றியிருக்கும் பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) ஒருமுறை முழுவதும் காய்ந்துவிட்டால் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. மேலிருந்து ஊற்றும் நீர் தொட்டியின் ஓரமாக வழிந்து கீழே வந்துவிட, நடுவே வேர் காய்ந்தே கிடக்கும். தண்ணீர் ஊற்றியும் செடி வாடுகிறதே என்று நாம் மேலும் ஊற்றுவோம். அதற்குப் பதிலாகத் தொட்டியோடு வாளி நீரில் குமிழி அடங்கும் வரை வைத்தெடுத்து, ஓரிரு வாரம் பழகவிட்டு, அப்படியே 20 செ.மீ. தொட்டிக்கு மாற்றுவதே பாதுகாப்பானது. பிரித்து நடத்தான் வேண்டும் என்றால் வேர்ப்பந்துகளை மெல்ல விலக்கலாம். முதல் முறை நான் செய்ததுபோல் குழாயடியில் வேரை வெள்ளையாகத் தெரியும்வரை கழுவக் கூடாது. நான்கில் மூன்று அந்த வாரமே இலை உதிர்த்தன.

தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது நம் பாட்டிமார் காலத்து நம்பிக்கை. உண்மையில், நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கற்களுக்குள் நீர் உடனே இறங்காது. மேலே உள்ள மண் முழுவதும் ஊறிய பிறகே இறங்கும். ஆகவே கற்கள் போட்ட தொட்டியில் சேற்று ஈரம் வேருக்கு அருகே ஏறிவிடுகிறது. வடிகால் வேண்டுமென்றால் மண்ணையே பொலபொலப்பாக ஆக்கவேண்டும். மூட்டையில் வரும் கருமண்ணைத் தனியாகப் போட்டால் சில மாத மழையிலேயே அது அமுங்கி இறுகிவிடும். நான் அதில் சரிபாதி சுட்டமண் குருணையும் பெர்லைட் என்னும் வெள்ளைப் பொரிகல்லும் கலந்துவிடுகிறேன். தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பவர்கள், ஏடிஸ் கொசு முட்டையிட ஒரு மடக்கு நீரே போதும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். தட்டே வேண்டாம் என்பது என் கட்சி. ரோஜாவுக்கும் நின்ற நீர் பிடிக்காது, டெங்கி பயமும் இல்லை.

தரையில் பாத்தி ஓரமாக நடுபவர்கள், சமூகத் தோட்டங்களில் இடம் கிடைத்தவர்கள் குறிப்பாக, செய்யும் பெரிய தவறு நெருக்கி நடுவது. முதல் மாதம் இடைவெளி வெறுமையாகத் தெரியும். பார்ப்பவர் ஏதாவது சொல்வாரே என்று நடுவில் இன்னொன்றைச் செருகிவிடுவோம். முழங்கால் உயரம் வரும் செடி, பக்கவாட்டிலும் படரும், 60 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். காற்று உள்ளே நுழைந்து இலை உலரவேண்டும் என்பதற்காகவே இந்த இடைவெளி. கரும்புள்ளி நோயை உண்டாக்கும் பூஞ்சை இலைக்குள் புக, அந்த இலை ஏறத்தாழ 7 மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால் போதும். மாலையில் குழாயைப் பிடித்துச் செடியைக் குளிப்பாட்டுவது அந்த 7 மணி நேரத்தை நாமே அதன் கையில் கொடுப்பதாகும். காலையில், மண்ணுக்கு மட்டும், தண்ணீர் விடவேண்டும். உதிர்ந்த புள்ளி இலைகளைப் பாத்தியிலேயே விடாமல் பொறுக்கி அப்புறப்படுத்தவேண்டும். மழைத்துளி மண்ணில் மோதித் தெறிக்கும்போது பூஞ்சையின் வித்துகள் மீண்டும் மேலேறும்.

நோய் தாங்கும் வகை என்ற சீட்டை நம்பி வாங்குவதும் ஏமாற்றத்தில் முடியலாம். அமெரிக்காவில் வில்லியம் ராட்லர் உருவாக்கி 2000இல் சந்தைக்கு வந்த நாக்கவுட் ரோஜா, கரும்புள்ளியைத் தாங்குவதற்குப் பெயர் பெற்றது. ஆனால் அந்தப் பூஞ்சையில் பல இனங்கள் உண்டு. ஓரூர் இனத்தை எதிர்த்து நிற்கும் செடி வேறோர் இனத்திடம் தோற்கலாம். இங்கே பல மழைக்காலங்களைக் கண்டு நிற்கும் செடி அண்டைவீட்டில் இருந்தால், அதிலிருந்து ஒரு குச்சியைக் கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ஊரிலிருந்து பன்னீர் ரோஜாக் குச்சியை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும் ஆசை மட்டும் வேண்டாம். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் அது சட்டப்படி குற்றம், போதாக்குறைக்கு அந்தச் செடி நெடுநெடுவென்று வளரும் இனம்.

கவாத்து விஷயத்தில்தான் அயலூர்க் குறிப்புகள் நம்மை மிகவும் ஏமாற்றுகின்றன. குளிர்நாட்டில் செடி உறங்கி எழும் தருணத்தில், ஆண்டுக்கு ஒரு முறை, அடியோடு வெட்டுவார்கள். இங்கே செடி உறங்குவதே இல்லை. தொடர்ந்து பூக்கும் குணம் சீன ரோஜாக்களிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவுக்குப் போனது. பூப்பதைத் தடுத்து நிறுத்தும் மரபணு பழுதுபட்ட இச்செடிகளில் ஒவ்வொரு புதுத் தளிரும் பூவிலேயே முடிகிறது. குளிர் வந்து நிறுத்தாத ஊரில் அது ஓயாமல் பூத்து ஓயாமல் களைத்துப்போகும். இந்நிலையில் பாதிக்கு மேல் வெட்டினால், உணவு தயாரிக்க இலையின்றிச் செடி திணறும். ஒவ்வொரு பூச்சுற்று முடிந்ததும், ஐந்து சிற்றிலைகள் உள்ள இலைக்கு மேலே வெட்டி, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் நிறுத்துவதே அளவு. வாடிய பூவை அப்படியே விட்டால் காய் பிடித்து அடுத்த பூ தாமதமாகும். வெட்டியதிலிருந்து மலர ஏறத்தாழ 6 வாரம் பிடிப்பதால், பொங்கலுக்குப் பூ வேண்டுவோர் கார்த்திகை நடுவில் வெட்டவேண்டும். டிசம்பர் மழையில் மொட்டு அழுகாமல் தப்பவைப்பது வேறு கதை. மாற்றி நட்ட புதுச்செடிக்கு முதல் மொட்டுகளைக் கிள்ளிவிடச் சொன்னால் எவருக்கும் மனம் வருவதில்லை, எனக்கும் வந்ததில்லை.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மழை சத்தை அடித்துக்கொண்டு போவதால் சிறிது சிறிதாக, அடிக்கடி இடவேண்டும். வாடிய செடிக்கு இடவே கூடாது. பாலும் சர்க்கரையும் கலந்த தேநீர்ச் சக்கையைத் தொட்டியில் கொட்டும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த இனிப்புக்கு எறும்பு வரும். வந்த எறும்பு, மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக அதைக் காவல் காக்கும்.

மழை படாத தாழ்வாரத்தில் கரும்புள்ளியைவிடச் செஞ்சிலந்தி என்னும் நுண்பூச்சிதான் பெரும் பகை. இலை சாம்பல் பூத்து மங்கும்போது சத்துக் குறைவென்று எண்ணி உரமிடுவது வழக்கமான தவறு. ஒரு வெள்ளைத் தாளை இலைக்கடியில் பிடித்துத் தட்டிப் பாருங்கள். உப்புத்தூளைவிடச் சிறிய புள்ளிகள் நகர்ந்தால் அதுவேதான். 30 பாகை வெப்பத்தில் முட்டை ஒரு வாரத்திலேயே முதிர்ந்த பூச்சியாகிவிடுவதால், ஒரு நாள் கழுவிவிட்டு நிம்மதியடைவதில் பயனில்லை. விடியற்காலையில் இலையின் அடிப்புறத்தை நீரால் பீய்ச்சிக் கழுவுவதை மூன்று நாளுக்கு ஒரு முறையாக இரண்டு வாரம் செய்யவேண்டும். வேப்பெண்ணெய் தெளிப்பதாயினும் வெயில் ஏறுவதற்கு முன்பே, இலையின் மேற்புறத்தை விட்டுவிட்டு அடிப்புறம் நனையும்படி தெளிக்கவேண்டும்.