கேனோவுக்குத் துறை தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆற்றில் கேனோ (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய படகு) ஓட்டத் திட்டமிடுகிறவர்களில் பலர் கிளம்பும் துறையைத்தான் அலசி ஆராய்கிறார்கள். வண்டி போகுமா, கரை சரிவாக இருக்குமா, ஆழம் எவ்வளவு என்று எல்லாம் பார்ப்பார்கள். போய்ச் சேரும் இடத்துக்கு மட்டும் வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பதோடு சரி. நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். கிளம்பும் இடம் மோசம் என்றால் கரையில் நிற்கும்போதே தெரிந்துவிடும். வேறு இடம் தேடலாம், வீட்டுக்கே திரும்பினாலும் நஷ்டமில்லை. கரையேறும் இடம் மோசம் என்று தெரியவரும்போதோ நீங்கள் தண்ணீரில் இருப்பீர்கள், கை ஓய்ந்திருக்கும், பொழுதும் சாய்ந்திருக்கலாம். வந்த வழியே எதிர்த்துத் துடுப்பு போட ஆறு விடாது. எனவே கரையேறும் துறை முதலில். கிளம்பும் துறையை அதற்கு ஏற்பப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படத்தைப் பார்த்தே முடிவு செய்வது

செயற்கைக்கோள் படத்தில் அகலமாக வெண்மணல் தெரிகிறது, அங்கே ஏறிவிடலாம் என்று குறித்துக்கொள்கிறோம். அது தண்ணீர் வற்றிய மாதத்தில் எடுத்த படமாக இருந்தால்? மழைக்குப் பிறகு போனால் மணலே இருக்காது, நாணல் புதருக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். மட்டம் அரை மீட்டர் ஏறினாலே தட்டையான மணல்திட்டுகள் காணாமல் போய்விடும். கூகுள் எர்த்தில் பழைய தேதிப் படங்களையும் பார்க்கலாம். ஒரே வளைவை வறண்ட மாதத்திலும் வெள்ள மாதத்திலும் பார்த்து, இரண்டிலும் நிலைக்கும் கரை எது என்று தேடுங்கள். பக்கத்தில் நீர்மட்டம் அளக்கும் நிலையம் இருந்தால், படம் எடுத்த நாளின் அளவையும் இன்றைய அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மரம் அடர்ந்த கரையைப் பற்றிப் படம் எதுவுமே சொல்லாது. அந்த இலைகளுக்குக் கீழே சரிவும் இருக்கலாம், ஆள் உயரச் செங்குத்தும் இருக்கலாம்.

அணைக்குக் கீழே ஓடும் ஆற்றில் ஒரு சொட்டு மழை இல்லாமலே மட்டம் ஏறும். நீர் திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட ஒதுங்கினாலும் படகைக் கட்டாமல் விடாதீர்கள். கழிமுகத்தை ஒட்டிய பகுதி என்றால் ஓதம், அதாவது கடல் நீரின் ஏற்ற இறக்கம், பார்க்க வேண்டும். காலையில் அழகான கரையாக இருந்த இடம் ஓதம் வற்றியதும் முழங்கால் புதையும் சேறாகிவிடும்.

வளைவின் வெளிப்பக்கத்தில் ஒதுங்குவது

ஆறு வளையும் இடத்தில் ஓட்டம் வெளிக்கரையை முட்டிக்கொண்டு போகும். வேகமும் ஆழமும் அங்கேதான் அதிகம். அடி மண்ணை நீர் அரித்துக்கொண்டே இருப்பதால் கரை செங்குத்தாக நிற்கும், வேர் அறுந்த மரங்கள் ஆற்றுக்குள் சாய்ந்து கிடக்கும். உள்பக்கத்தில் வேகம் தணிந்து மணலும் கூழாங்கல்லும் படியும். துறை தேட வேண்டியது அந்தப் பக்கம்தான்.

விழுந்து கிடக்கும் மரத்தைச் சாதாரணமாக நினைப்பவர்கள் அதிகம். கிளைகளின் இடுக்கில் தண்ணீர் போய்விடும், படகும் ஆளும் போக முடியாது. பின்னால் வரும் ஓட்டம் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். அதனால் எந்தத் துறையைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி, "இதைத் தவறவிட்டால் அடுத்து என்ன?" என்பதுதான். கீழே அமைதியான நீர் இருந்தால் சுமாரான துறையும் போதும். ஐம்பது மீட்டர் தள்ளி மரம் விழுந்து கிடந்தால் எவ்வளவு அருமையான மணற்கரையும் வேண்டாம்.

பெரிய பாறைக்குப் பின்னாலும், ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கரைக்குக் கீழேயும் தண்ணீர் மெதுவாக மேல்நோக்கித் திரும்பும். ஒதுங்க நல்ல இடம் அதுதான். படகின் மூக்கை, அதாவது முன் நுனியை, ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி மெல்லக் கரை சேருங்கள். ஓட்டத்தோடு ஓட்டமாக மூக்கைக் கரையில் முட்டினால் பின்பக்கம் சுழன்று படகு ஆற்றுக்குக் குறுக்கே நின்றுவிடும்.

பாலம் இருந்தால் துறையும் இருக்கும் என்று நினைப்பது

பாலத்தில் சாலை இருக்கும், அவ்வளவுதான். பாறாங்கல் கொட்டிய சரிவு, தடுப்புக் கம்பி, வண்டி நிறுத்த இடமில்லாத ஓரம், தூண்களில் சிக்கிய மரக்கட்டைகள், இவையெல்லாம் சேர்ந்ததுதான் பல பாலங்கள். நேரில் போய்ப் பார்க்காமல் பாலத்தைக் குறிக்காதீர்கள்.

தடுப்பணைக்குப் பக்கத்தில் கரையேறத் திட்டமிடுவது

தாழ்வான தடுப்பணை மேல்பக்கமிருந்து வருகிறவர் கண்ணுக்கு ஆற்றின் குறுக்கே ஒரு நேர்க்கோடாக மட்டுமே தெரியும். விழும் நீர் அடியில் போய்ச் சுருண்டு மறுபடியும் அணையை நோக்கியே திரும்புவதால், சிக்கிய படகை வெளியே விடாது. லைஃப் ஜாக்கெட் போட்டிருப்பவரையும் விடாது. முதல் முயற்சி தவறினாலும் இரண்டாவது முறை ஒதுங்க இடம் இருக்கும் அளவுக்கு, அணைக்கு வெகு முன்பே கரையேறிவிடுங்கள். அணையைச் சுற்றிச் சுமந்து போகும் பாதை பெரும்பாலும் ஒரு கரையில்தான் இருக்கும். இடக்கரை, வலக்கரை என்பதெல்லாம் ஓட்டம் போகும் திசையைப் பார்த்து நிற்கும்போது சொல்வது. இதை மாற்றிப் புரிந்துகொண்டு எதிர்க்கரையில் ஏறிவிட்டால் நடுவில் அணையை வைத்துக்கொண்டு ஆற்றைக் கடக்க வேண்டிவரும்.

தேய்ந்த பாதையை அனுமதியாக எடுத்துக்கொள்வது

ஆற்றில் போகும் உரிமை வேறு, கரையில் கால் வைக்கும் உரிமை வேறு. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும்வரை நிலத்திலும் நீரிலும் போய்வரும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மொன்டானாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கமான உயர் நீர்மட்டக் கோடு வரை பொதுமக்கள் ஆற்றைப் பயன்படுத்தலாம். கொலராடோவில் தனியார் நிலத்தின் வழியே ஓடும் ஆற்றின் படுகையைத் தொட்டாலே அத்துமீறலாகிவிடலாம். உங்கள் ஆற்றின் சட்டம் எது என்று விசாரியுங்கள். நில உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பல இடங்களில் காரியம் சுலபமாக முடிந்துவிடும்.

சுமையை மறப்பது

பதினாறு, பதினேழு அடி கேனோ கெவ்லார் என்ற இலேசான இழையில் செய்ததென்றால் 20 கிலோ சுமாருக்கு இருக்கும், பாலிஎதிலின் பிளாஸ்டிக் என்றால் 35 கிலோவைத் தாண்டும். சாமான்கள் தனி. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துப் பவுண்டரி வாட்டர்ஸ் பகுதியில் சுமக்கும் பாதைகளை இன்றும் 'ராட்' கணக்கில்தான் சொல்கிறார்கள். ஒரு ராட் 16.5 அடி, ஏறக்குறைய ஒரு கேனோ நீளம். முதுகில் படகைத் தூக்கியவருக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடையாது. வரைபடத்தில் 'பக்கம்தான்' என்று தோன்றும் 300 மீட்டர், ஈரப் புல் மேட்டில் ஏறும்போது வேறு மாதிரி இருக்கும்.

பாதி கரையில், பாதி தண்ணீரில் ஏறுவது

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பது படகுக்கும் ஆகாது. ஒரு நுனி கரையில், மறு நுனி தண்ணீரில் இருக்க, நடுவில் தாங்கல் இல்லாத கேனோவில் ஏறினால் அது உருளும், உடல் வளையும். கரையோரம் முழங்கால் ஆழத்துக்குள் தண்ணீர் உள்ள துறையைத் தேர்ந்தெடுங்கள். படகு முழுவதும் மிதக்க வேண்டும், கரைக்கு இணையாக, மூக்கு ஓட்டத்துக்கு எதிராக. இரு விளிம்புகளையும் பிடித்துக் குனிந்து, கால் பதிவது படகின் நடுக்கோட்டில். அடி சேறா என்று சந்தேகம் வந்தால் இறங்குவதற்கு முன் துடுப்பை ஊன்றிப் பாருங்கள். துடுப்பின் தட்டையான பகுதி முழுதும் உள்ளே போனால் வேறு இடம் பாருங்கள். தண்ணீரில் நின்று படகைப் பிடிக்கும்போது ஓட்டம் வரும் மேல்பக்கத்தில் நில்லுங்கள். நீர் நிரம்பிய கேனோ பல நூறு கிலோ கனக்கும். கீழ்ப்பக்கம் நிற்பவரைப் பாறையோடு சேர்த்து நசுக்கிவிடும்.

சாலையிலிருந்து மட்டும் பார்த்துவிட்டுப் போவது

சாலைப் பக்கத்திலிருந்து தெளிவாகத் தெரியும் துறை, தண்ணீரிலிருந்து பார்த்தால் பச்சைச் சுவரில் ஒரு சிறு இடைவெளி. முன்கூட்டியே போய் நீர் விளிம்பில் நின்று, மேல்பக்கமாகத் திரும்பிப் பாருங்கள். அங்கிருந்து வருகிறவர் கண்ணில் எது முதலில் படும்? தனித்து நிற்கும் பனைபோல் ஏதாவது அடையாளம் இல்லையென்றால் ஒரு கிளையில் பளிச்சென்ற நாடா கட்டி, முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். ஜிபிஎஸ்ஸில் துறையோடு சேர்த்து, அதற்கு அரை கிலோமீட்டர் மேலேயும் ஓர் எச்சரிக்கைப் புள்ளி வையுங்கள். முதலை உள்ள ஆறு என்றால் வெயில் காயும் மணல்திட்டு அதற்கும் பிடித்த இடம் என்பது நினைவிருக்கட்டும். கூழாங்கல் திட்டில் தரையில் முட்டையிடும் பறவைகள் உண்டு, அந்தப் பருவத்தில் அங்கே ஒதுங்க வேண்டாம்.

தூரக் கணக்கும் இதே இடத்தில்தான் தவறுகிறது. சாலையில் 10 கிலோமீட்டர் என்பது வளைந்து நெளியும் ஆற்றில் 15, 18 ஆகலாம். நிதானமான ஓட்டத்தில் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்து, எதிர்க்காற்றுக்கும் சாப்பாட்டுக்கும் நேரம் ஒதுக்கி, வழியில் பாதி தூரத்தில் ஒரு மாற்றுத் துறையையும் நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கீழ்த்துறையில் நிற்கும் வண்டியின் சாவி உங்கள் சட்டைப் பையில், நீர்புகாத உறையில் இருக்கட்டும். மேல்துறையில் விட்டுவந்த வண்டிக்குள் இருந்தால் பயனில்லை.