வெளிநாட்டுக் கட்சி ஒன்றுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை தொடங்குவது எப்படி?

சேலத்தில் சனிக்கிழமைதோறும் சில கல்லூரிப் பிள்ளைகளுக்கு விக்கிப்பீடியாவில் எழுதக் கற்றுத் தருகிறேன். ஏற்காட்டிலிருந்து வரும் தங்கை ஒருவர் டென்மார்க் கட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, "அண்ணா, தலைப்பிலேயே நின்னுட்டேன்" என்றார். அவருக்குச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

படி 1: பெயர்களைத் திரட்டுங்கள்

ஒரு கட்சிக்கு ஒரே பெயர் இருப்பது அரிது. நம் ஊர்க் கதையையே பாருங்கள். 1916-இல் தோன்றிய அமைப்பின் முறையான பெயர் தென்னிந்திய நல உரிமைச் சங்கம். அது நடத்திய 'ஜஸ்டிஸ்' நாளிதழால் நீதிக்கட்சி என்றே நிலைத்தது. 1944-இல் இதே சேலத்தில் நடந்த மாநாட்டில் திராவிடர் கழகம் ஆனது. முறையான பெயர், வழங்கும் பெயர், மாறிய பெயர் மூன்றையும் முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வழங்கும் பெயர் தலைப்பாகட்டும். மற்றவற்றிலிருந்து வழிமாற்று (அந்தப் பெயரில் தேடினாலும் இதே கட்டுரைக்குக் கொண்டுவரும் இணைப்பு) போடுங்கள்.

படி 2: மொழிபெயர்ப்பதா, ஒலிபெயர்ப்பதா?

தங்கை மாட்டிக்கொண்டது இங்கேதான். கட்சியின் பெயர் வென்ஸ்ட்ரா. டேனிய மொழியில் 'இடது' என்று பொருள். ஆனால் அது மைய வலதுசாரிக் கட்சி! 1870-இல் தொடங்கியபோது, பெருநிலக்காரர்கள் பக்கம் நின்ற 'வலது' அணியை எதிர்த்த உழவர்களின் கட்சியாக இருந்தது. காலம் மாறியும் பெயர் மாறவில்லை. 'இடதுசாரிக் கட்சி' என்று தலைப்பு வைத்தால் படிப்பவர் தவறாகவே புரிந்துகொள்வார். 1905-இல் இதிலிருந்து பிரிந்த ராடிகாலே வென்ஸ்ட்ராவைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'தீவிர இடது' என்று வரும். உண்மையில் அது மையத்தில் நிற்கும் சமூகத் தாராளவாதக் கட்சி.

ஆகவே பெயர்ச்சொல்லாகவே நிலைத்துவிட்டதை ஒலிபெயர்த்து (ஒலியை அப்படியே தமிழில் எழுதி), பொருளை முதல் வரியில் சொல்லுங்கள். ஜப்பானின் லிபரல் டெமாக்ரடிக் கட்சி போலப் பொருள் வெளிப்படையாக இருந்தால் 'தாராளவாத சனநாயகக் கட்சி' என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் பெயருக்கு மாறாக அது பழைமைவாதக் கட்சி என்பதை விளக்கத்தில் சொல்லியாக வேண்டும்.

உச்சரிப்பை ஆங்கில எழுத்தைப் பார்த்து ஊகிக்காதீர்கள், அந்த மொழிக்காரர் பேசும் ஒலிப்பதிவைக் கேளுங்கள். கிரந்த எழுத்து வேண்டாம் என்பவர்கள் 'வென்சுட்ரா' என்று எழுதுவார்கள். அதில் சண்டை வேண்டாம், வழிமாற்று போதும். நார்வேயிலும் வென்ஸ்ட்ரா என்றொரு கட்சி இருப்பதால், தலைப்பு: வென்ஸ்ட்ரா (டென்மார்க்).

படி 3: முதல் வரி

மணல்தொட்டியில் (விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகும் பக்கம்) எழுதிப் பாருங்கள்:

"வென்ஸ்ட்ரா (பொருள்: இடது) என்பது 1870-இல் தொடங்கப்பட்ட, டென்மார்க்கின் மைய வலதுசாரி அரசியல் கட்சி."

எந்த நாடு, எப்போது, எந்தப் பக்கம் மூன்றும் வந்துவிட்டன. 'மாபெரும்', 'மக்கள் விரோத' போன்ற மேடைச் சொற்கள் ஒன்றுகூட வேண்டாம். நம் ஊர் அரசியல் பேசிப் பழகிய நாக்குக்கு இது கடினம்தான், ஆனாலும் விடாதீர்கள். கட்சியின் நிலைப்பாடு பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தால் யார் அப்படிச் சொல்கிறார் என்பதைச் சேர்த்து எழுதி, மேற்கோள் கொடுங்கள்.

படி 4: எண்களுக்குத் தேதி

'தற்போது 23 இடங்கள்' என்றால் அடுத்த தேர்தலில் பொய்யாகிவிடும். '2022 நவம்பர் தேர்தலில், 179 இடங்களில் 23' என்றால் எப்போதும் மெய். தலைவர் பெயருக்கும் பதவியேற்ற ஆண்டைச் சேருங்கள்.

படி 5: இணைப்புகள்

தகவற்பெட்டி (முக்கிய விவரங்களைச் சுருக்கித் தரும் பெட்டி), பகுப்பு (ஒரே வகைக் கட்டுரைகளைச் சேர்க்கும் பட்டியல்), அப்புறம் விக்கித்தரவு என்ற துணைத் தளத்தில் மற்ற மொழிக் கட்டுரைகளோடு இணைப்பு. தலைப்பில் ஐயம் இருந்தால் கட்டுரையோடு இருக்கும் பேச்சுப் பக்கத்தில் காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். பின்னால் 'நகர்த்து' கொடுத்துத் தலைப்பை மாற்றிக்கொள்ளலாம்.