இடைவிடாத சிறுநீர்க் கசிவு: என்39.45 எப்போது போடலாம், எப்போது கூடாது

டாக்டர் குறிப்பில் சிறுநீர்க் கசிவு என்று பார்த்ததுமே ஆர்32 என்ற கோடைப் போட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போய்விடுவது புதிய கோடர்களின் (டாக்டர் குறிப்புகளைக் கோடுகளாக மாற்றுபவர்களின்) வழக்கம். ஆர்32 வகை சொல்லப்படாத கசிவுக்கு மட்டுமே. குறிப்பு முழுவதும் தேடியும் வகை கிடைக்காதபோதுதான் அதைத் தொட வேண்டும். இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவின் நோய்க் கோடுப் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மின் கோடுகள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 என்39.4-ஓடு நின்றுவிடும், என்39.45 போன்ற உட்பிரிவுகள் அதில் இல்லை.

படி 1: கசியும் விதத்தைப் பாருங்கள்

இருமல், தும்மல், அவசர உணர்வு எதுவும் இல்லாமலே பகலும் இரவும் கசிந்துகொண்டே இருப்பதுதான் என்39.45. கசியும் அளவுக்கும் இந்தக் கோடுக்கும் சம்பந்தமில்லை. "தினமும் ஆறு பேட் மாற்றுகிறார்" என்ற வரியை மட்டும் வைத்து இதைப் போட முடியாது. இருமும்போது மட்டும் கசிபவருக்கும் ஆறு பேட் தேவைப்படலாம், அவருக்கு என்39.3.

படி 2: இண்டெக்ஸ், பிறகு டேபுலர்

இண்டெக்ஸில் (நோய்ப் பெயர்களின் அகரவரிசைப் பட்டியல்) இன்கான்டினன்ஸ், அதாவது கசிவு, அதன்கீழ் யூரினரி, அதன்கீழ் கன்டினுவஸ் என்று போனால் என்39.45 வரும். டாக்டர் "டோட்டல் இன்கான்டினன்ஸ்" என்று எழுதியிருந்தால் இண்டெக்ஸ் உங்களை என்39.498-க்கு அனுப்பும். இரண்டும் ஒன்றுதானே என்று நீங்களாக மாற்றக் கூடாது. பிறகு டேபுலரில் (கோடு எண் வரிசைப் பட்டியல்) என்39.4-இன் கீழுள்ள குறிப்புகளையும் படியுங்கள். ஓவர்ஆக்டிவ் பிளாடர் (அளவுக்கு மீறி இயங்கும் சிறுநீர்ப்பை) இருந்தால் என்32.81-ஐயும் சேர்க்கச் சொல்வது அங்கேதான்.

படி 3: ஒத்துத் தோன்றுபவற்றை விலக்குங்கள்

அதிகம் குழப்புவது ஓவர்ஃப்ளோ, அதாவது என்39.490. சிறுநீர்ப்பை நிரம்பி வழிவதால் அதுவும் சொட்டிக்கொண்டே இருக்கும். சிறுநீர் கழித்த பின் பையில் 400 மில்லி மிச்சம் என்று ஸ்கேன் சொன்னால் சந்தேகப்படலாம், ஆனால் அந்த எண்ணை வைத்து நீங்களே ஓவர்ஃப்ளோ என்று முடிவு கட்டக் கூடாது. டாக்டர் எழுத வேண்டும். மறதி நோயாலோ நடமாட முடியாததாலோ வரும் கசிவுக்கு ஆர்39.81. என்39.4-க்கும் அதற்கும் இடையே எக்ஸ்க்ளூட்ஸ்1 (இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது என்ற குறிப்பு) இருப்பதால், ஒரே கசிவுக்கு இரண்டையும் சேர்த்துப் போட்டால் க்ளெய்ம் (காப்பீட்டுக் கோரிக்கை) திரும்பிவிடும்.

படி 4: காரணத்தைத் தேடுங்கள்

இடைவிடாத கசிவுக்குப் பின்னால் பெரும்பாலும் உடலமைப்புக் கோளாறு ஒன்று இருக்கும். கருப்பை அகற்றிய பிறகோ கடினமான பிரசவத்துக்குப் பிறகோ சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே துளை ஏற்பட்டிருந்தால் அது என்82.0. கசிவு அந்த நோயின் வழக்கமான அறிகுறி என்பதால் என்39.45-ஐத் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. ஒரு சிறுமி நேரத்துக்குச் சரியாகச் சிறுநீர் கழிக்கிறாள், ஆனாலும் உள்ளாடை எப்போதும் ஈரம் என்று குறிப்பு சொன்னால் இடம் மாறித் திறக்கும் சிறுநீர்க்குழாய் நினைவுக்கு வர வேண்டும், உறுதியானால் க்யூ62.63. வெளிநோயாளி சார்ட்டில் "இருக்கலாம்", "சந்தேகம்" என்று மட்டும் இருந்தால் துளைக்குக் கோடு கிடையாது, கசிவுக்குத்தான்.

படி 5: தெளிவில்லையா, டாக்டருக்குக் குவெரி (விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்புங்கள்

"இது கன்டினுவஸ் லீக்கேஜ்தானே?" என்று கேட்பது பதிலை வாயில் ஊட்டுவது, ஆடிட்டில் நிற்காது. இப்படிக் கேளுங்கள்: "நாள் முழுதும் ஈரம், மிச்சச் சிறுநீர் 30 மில்லி என்று குறிப்பில் உள்ளது. கசிவின் வகையைக் குறிப்பிடவும்: இடைவிடாத கசிவு / ஓவர்ஃப்ளோ / கலப்பு / வேறு / தீர்மானிக்க இயலவில்லை."

டாக்டரின் பதிலில் எப்போது தொடங்கியது, இரவிலும் உண்டா, இடையில் வழக்கம்போல் சிறுநீர் கழிக்கிறாரா, முன்பு அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ நடந்ததா என்பவையும் இருந்தால் நல்லது.

படி 6: கூடவே வருபவை

கசிவால் தோல் புண்ணாகி, டாக்டர் அதற்குக் கசிவே காரணம் என்று எழுதியிருந்தால் எல்24.ஏ2. மிச்சச் சிறுநீரை ஸ்கேனில் அளந்திருந்தால் சிபிடி (பரிசோதனை, சிகிச்சைகளுக்கான கோடு) 51798. அளவு மில்லியில் பதிவாகியிருக்க வேண்டும். சிகிச்சைத் தேதியையும் ஒருமுறை பாருங்கள்: எல்24.ஏ2 நடைமுறைக்கு வந்தது 2020 அக்டோபர் 1 அன்று, அதற்கு முந்தைய தேதிக்குப் போட்டால் செல்லாது.