கடல் ஏன் நீலம்? மாடல் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிப்ரவரி 28 நெருங்கினால் கோவை, ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் பள்ளிகளில் அறிவியல் தினக் கண்காட்சி களைகட்டும். 'கடல் ஏன் நீலம்?' மாடலும் மேசையேறிவிடும். தண்ணீரில் நீல மை கலக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும்; அதை விட்டுவிடலாம்.

பால் கலந்த தொட்டியைக் கடல் என்று சொல்வது

பத்து லிட்டர் தண்ணீர், இரண்டு மூன்று மில்லி பால், ஒரு பக்கம் டார்ச். பக்கவாட்டில் பார்த்தால் லேசான நீலம். "கடலும் இப்படித்தானுங்க" என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள்.

டார்ச்சுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். தொட்டியைக் கடந்து வரும் வெளிச்சம் ஆரஞ்சாக இருக்கும். கடலில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே முதலில் காணாமல் போவதே சிவப்புதான். 700 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியைச் சுத்தமான நீர் ஒரே மீட்டரில் ஏறக்குறைய பாதி உறிஞ்சிவிடும். ஐந்து மீட்டரில் நூற்றில் ஐந்து பங்குகூட மிஞ்சாது. ஆழம் வரை இறங்குவது நீலம். அதில் ஒரு பகுதியை நீர் மூலக்கூறுகள் சிதறடித்து மேலே திருப்புவதால்தான் நம் கண்ணுக்கு வருகிறது. பால் தொட்டி சிதறலை மட்டும் காட்டும், உறிஞ்சலைக் காட்டாது. அது மாலை வானத்துக்குப் பொருத்தமான மாடல்.

ஒரு கண்காட்சியில் எட்டாவது படிக்கும் பெண் கேட்டாள்: "ஏனுங்க சார், அப்ப கடலுக்குள்ள முழுகிப் பார்த்தா வெளிச்சம் ஆரஞ்சாத் தெரியுமுங்களா?" அருமையான கேள்வி. விளக்கியவர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். சரியாக யோசித்த பிள்ளை தப்பான பதிலோடு வீட்டுக்குப் போனது. இந்தத் தவறை மன்னிக்கவே முடியவில்லை.

உறிஞ்சலைக் காட்ட நீளம் வேண்டும். பைப் கடையில் மூன்று மீட்டர், நாலு இஞ்ச் பிவிசி பைப் வாங்குங்கள். இரு முனையிலும் அக்ரிலிக் ஷீட்டை சிலிக்கோன் பசை வைத்து ஒட்டி ஒரு நாள் காயவிடுங்கள். ஒரு முனைக்கு அருகே மேல்நோக்கி ஒரு டீ (T வடிவ) ஜாயின்ட். அந்த முனையை நாலு விரல் உயர்த்தி ஊற்றினால் காற்று அதன் வழியே வெளியேறிவிடும். சுமார் 24 லிட்டர் பிடிக்கும். கனத்தில் நடுப்பகுதி தொய்யாமல் மூன்று இடத்தில் முட்டுக் கொடுங்கள். பைப்பை நட்டக்குத்தலாக நிறுத்தி நிரப்பினால் அடி ஷீட் பிய்த்துக்கொள்ளும். குமிழி அடங்க ஓர் இரவு விடுங்கள். சுவரில் பட்டு வரும் வெளிச்சம் குழப்பாதிருக்க, ஐந்து சென்டிமீட்டர் ஓட்டை போட்ட கறுப்பு அட்டையை இரு முனையிலும் ஒட்டுங்கள். ஒரு முனையில் வெயில் படும் வெள்ளைத் தாள், மறுமுனையில் கண். வெறும் பைப்பில் ஒருமுறை, நிரப்பிய பிறகு ஒருமுறை பார்த்தால் வெளிர்நீலம் தெளிவாகத் தெரியும்.

எல்இடி டார்ச்

அதன் வெளிச்சத்திலேயே நீலம் தூக்கல். வெயிலே போதும்.

போர் தண்ணீர்

இரும்புக் கலங்கல் நீலத்தைத் தின்றுவிடும். ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள்.

உப்பு

வேண்டாம். நிறத்துக்குக் காரணம் நீர்.

கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்பது

1921இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பிய சி.வி. ராமன், போலராய்டு கண்ணாடி போல வேலை செய்யும் நிக்கோல் பட்டகத்தால் மேற்பரப்பின் பளபளப்பை நீக்கிப் பார்த்தார். நீலம் போகவில்லை; இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. போலராய்டு கண்ணாடியோடு ஆழியாறு அணைக்குப் போனால் நாமும் பார்க்கலாம். செங்குத்திலிருந்து சுமார் 53 பாகை சாய்வில் நீரைப் பார்த்தபடி கண்ணாடியைத் திருப்புங்கள். வானத்தின் பளபளப்பு ஒரு நிலையில் அணைந்துவிடும். மிஞ்சுவது நீருக்குள்ளிருந்து வரும் நிறம். அங்கே அது பச்சையாகத் தெரிந்தால் பாசியையும் வண்டலையும் நினைத்துக்கொள்ளுங்கள்.