ஷாப்ளி போனால் முதலில் கூட்டுறவுக்குப் போங்கள்

பிரான்சின் பர்கண்டி பகுதியில், வெள்ளை ஒயினுக்குப் பேர்போன ஷாப்ளி ஊருக்குப் போகிறவர்கள் பெரிய பண்ணைகளைத் தேடி அலைய வேண்டாம். 1923-இல் திராட்சை விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய 'லா ஷாப்ளிசியென்' கூட்டுறவுக்கு முதலில் போங்கள். விளைச்சலுக்கு விலை கிடைக்காத காலத்தில் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்த சங்கம் அது. அதற்காகவே எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

இங்கே ஒயின் எல்லாம் ஷார்டொனே என்ற ஒரே திராட்சைதான். நிலம்தான் மாறுகிறது. அதனால் பெத்தி ஷாப்ளி, ஷாப்ளி, பிரமியே க்ரூ, கிரான் க்ரூ என்று தரம் ஏறும் வரிசையிலேயே சுவைத்துப் பாருங்கள். மாற்றிக் குடித்தால் முதல் இரண்டும் தண்ணீராகத் தெரியும், பாவம். ஐஸ் குளிரிலும் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு டிகிரியில்தான் மணம் எழும். கார் ஓட்டுகிறவர்கள் அதற்கென வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பிவிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

அப்புறம், தோட்டத்து ஓரம் நடக்கும்போது குனிந்து ஒரு சுண்ணாம்புக் கல்லை எடுத்துப் பாருங்கள். காற்புள்ளி மாதிரி வளைந்த குட்டிக் குட்டிச் சிப்பிகள் கல்லோடு கல்லாக ஒட்டியிருக்கும். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இது கடல். பார்த்துவிட்டுக் கல்லை அங்கேயே வைத்துவிடுங்கள்.